எதிர்வீட்டுக் கதவு

நுழையும்முன்

அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் விந்தையான பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் 1950கள் முதல் இடம்பெற்று வருகிறார். அவர் வாயிலில் தோன்றினாலே சிரிப்பு எழும். அச்சிரிப்பு எந்த வீட்டில் அமர்ந்துகொண்டு, யாரைப் பார்த்துச் சிரிக்கப்படுகிறது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

தட்டாமல் திறக்கும் கதவு

நியூயார்க் நகரத்து அடுக்ககம் ஒன்றின் கூடம். நண்பர்கள் இருவர் பேசிக்கொண்டிருக்கின்றனர். தட்டும் ஓசை எழவில்லை. அழைப்பு மணியும் ஒலிக்கவில்லை. கதவு படீரெனத் திறக்கிறது. நெடிய உருவமும் மேல்நோக்கி எழுந்து நிற்கும் தலைமுடியும் கொண்ட ஒருவர், வழுக்கி விழப்போகிறவர் போல உள்ளே பாய்கிறார். நேரே சென்று குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார். அவர் இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்குள் படப்பிடிப்பு அரங்கில் அமர்ந்திருக்கும் பார்வையாளர் கைதட்டத் தொடங்கிவிடுகின்றனர்.

அவர் பெயர் கிரேமர். 1989 முதல் 1998 வரை ஒளிபரப்பான 'சைன்ஃபெல்ட்' என்னும் தொடரில் ஜெர்ரி என்பவரின் எதிர்வீட்டுக்காரர். அப்பாத்திரத்தை ஏற்ற மைக்கேல் ரிச்சர்ட்ஸ் அதற்காக மூன்று முறை எம்மி விருது பெற்றார். கிரேமர் நுழையும்போது எழுந்த கைதட்டல் காட்சியின் ஓட்டத்தையே தடுக்கும் அளவுக்கு நீண்டது. அதனால் அதைக் குறைத்துக்கொள்ளுமாறு பார்வையாளரிடம் கேட்டுக்கொள்ளவேண்டிய நிலையும் வந்தது.

கைதட்டிய அதே மக்களின் வீட்டில் இப்படி ஒருவர் ஒருநாள் நுழைந்திருந்தால், மறுநாளே அவர்கள் புதுப் பூட்டு வாங்கியிருப்பர். திரையில் விரும்பப்படுபவர் தெருவில் ஏன் அஞ்சப்படுகிறார்? விந்தை என்பது அந்த மனிதரிடமே உள்ள ஒரு குணம் என்றுதான் பொதுவாகக் கருதப்படுகிறது. அது பாதி உண்மை. படக்கருவி எந்த வீட்டில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது மறுபாதி. ஒன்பது ஆண்டுகள் படக்கருவி ஜெர்ரியின் கூடத்திலேயே நின்றது. கிரேமரின் வீட்டுக்குள் அது சென்ற சமயங்கள் மிகச் சில.

தெரிந்து தெளிவோம்

'சைன்ஃபெல்ட்' தொடரை உருவாக்கியோருள் ஒருவரான லாரி டேவிட், நியூயார்க்கில் வாழ்ந்தபோது அவருடைய எதிர்வீட்டில் இருந்தவர் கென்னி கிரேமர். அவரே இப்பாத்திரத்திற்கு மூலம். முன்னோட்டமாக எடுக்கப்பட்ட முதல் பகுதியில் பாத்திரத்தின் பெயர் கெஸ்லர் என்றே இருந்தது. அப்பகுதியில் அவர் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருகிறார்.

அரங்கின் தேவை

பக்கத்து வீட்டார் இத்தொடர்களில் இவ்வளவு இடம்பிடித்ததற்கு முதற்காரணம் கலை அன்று, தச்சு வேலை. 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' என்னும் தொடர், மூன்று படக்கருவிகளை ஒரே நேரத்தில் இயக்கி, பார்வையாளர் முன்னிலையில் படச்சுருளில் பதிவுசெய்யும் முறையைப் பரவச் செய்தது. அம்முறையில் அரங்கு ஏறத்தாழ நாடக மேடையே. ஒரு கூடம், ஒரு சமையலறை, மிஞ்சினால் ஒரு படுக்கையறை. களத்தை அடிக்கடி மாற்ற இயலாது. கதையைத் தேடி மாந்தர் வெளியே செல்ல முடியாதபோது, கதைதான் வாயில் வழியாக உள்ளே வரவேண்டும். உறவினர் வருவதென்றால் பயணத்திற்கு ஒரு காரணம் வேண்டும். அலுவலக நண்பர் வருவதென்றால் அலுவல் ஒன்று வேண்டும். பக்கத்து வீட்டாருக்கு எதுவும் வேண்டியதில்லை. ஒரு குவளைச் சர்க்கரை கடன் கேட்டு வந்தேன் என்றால் போதும். லூசியின் குறும்புகளுக்கெல்லாம் துணைநின்ற எத்தல், வீட்டு உரிமையாளராகவும் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருந்ததால், எந்நேரமும் வந்துபோக முடிந்தது. எத்தலாக நடித்த விவியன் வான்ஸ் 1954இல் துணைநடிகைக்கான எம்மி விருது பெற்றார்.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. தொடரின் தலைவர் வாரந்தோறும் பார்வையாளர் தம்மைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளும் ஆள். அவர் அளவுமீறி விந்தையானால் அந்தப் பொருத்தம் கலையும். எனவே எழுத்தாளர்கள் விந்தையை ஒரு மூட்டையாகக் கட்டி அடுத்த வீட்டில் இறக்கி வைத்தனர். தேவைப்படும்போது அது கதவைத் திறந்துகொண்டு வரும். வேலை முடிந்ததும் திரும்பிப் போகும். வீட்டின் ஒழுங்கும் கெடாது, சிரிப்பும் கிடைக்கும். இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி இருப்பதுபோலவே ஓர் அநீதிக்கும் இடமிருக்கிறது.

அநீதி கட்டாயமன்று என்பதற்கு 'தி ஹனிமூனர்ஸ்' சான்று. 1955–56இல் 39 பகுதிகளாக வந்த இத்தொடரில், ரால்ஃப் என்னும் பேருந்து ஓட்டுநரும் அவர் மனைவி ஆலிசும் புரூக்ளினில் ஒரு சிறிய வீட்டில் வாழ்கின்றனர். மேல்மாடியில் எட் நார்ட்டன். நகரத்தின் பாதாளச் சாக்கடையில் வேலை செய்பவர். ஆர்ட் கார்னி அப்பாத்திரத்தை ஏற்றார். நார்ட்டன் ஒரு கையெழுத்துப் போடவேண்டுமென்றாலும் கையை நீட்டி, மடக்கி, காற்றில் பல வட்டங்கள் போட்டபின்தான் எழுதுகோல் தாளைத் தொடும். குழந்தைகளுக்கான விண்வெளித் தொடரைப் பார்க்க, தலைக்கவசம் அணிந்து தொலைக்காட்சி முன் அமர்வார். கோல்ஃப் கற்கும் காட்சி ஒன்றில், பந்தை எதிர்நோக்கி நிற்பதற்கு ஆங்கில நூலில் உள்ள சொல்லுக்கு 'விளித்துப் பேசு' என்றும் பொருள் உண்டாதலால், பந்துக்கு முகமன் கூறிவிடுகிறார்.

இவர் கோமாளிதான். எனினும் இவரைப் பார்த்துச் சிரிப்பவர் எவரும் இவரைத் தாழ்த்திச் சிரிப்பதில்லை. நார்ட்டன் தம் வேலையைப் பற்றி நாணமின்றிப் பேசுகிறார். ரால்ஃபைவிட அவர் ஏழையும் அல்லர். பெருமையடித்து ஏமாறுவதும் பின் வருந்துவதும் பெரும்பாலும் ரால்ஃபே. இருவரும் பணம் சேர்த்து ஒரே தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கி, அதை யார் பார்ப்பது என்று சண்டையிடும் பகுதியில், இரு வீட்டுக்கும் நடுவில் உயர்வு தாழ்வு ஏதுமில்லை என்பது விளங்கும். இரண்டு வீடுகளும் கோமாளி வீடுகளே. பிற்காலத்தில் வந்த தொடர்கள் பலவற்றில் இந்தச் சமநிலை இல்லை.

சன்னல் ஓரத்துச் சாட்சி

1964 முதல் 1972 வரை ஒளிபரப்பான 'பிவிட்ச்டு' தொடரின் தலைவி சமந்தா. மூக்கை அசைத்தால் நினைத்ததை நிகழ்த்தும் மந்திரக்காரி. சாதாரண மனிதரான டேரினை மணந்து, மந்திரத்தைக் கைவிட்டு இல்லத்தரசியாக வாழ்வதாக வாக்களிக்கிறாள். வாக்கு வாரந்தோறும் தவறும். அவள் வீட்டுக்கு எதிரே வாழ்பவர் கிளாடிஸ் கிராவிட்ஸ். திரைச்சீலையை விலக்கி எதிர்வீட்டை நோட்டமிடுவதே அவர் பொழுதுபோக்கு.

அவர் பார்த்தவை பொய்யல்ல. இல்லாத பொருள் தோன்றுவதையும் இருந்த ஆள் மறைவதையும் உள்ளபடியே கண்டார். உடனே ஓடிச்சென்று கணவர் ஆப்னரை அழைத்து வருவார். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்க மனமின்றி ஆப்னர் வந்து சேர்வதற்குள் எதிர்வீடு இயல்பாகியிருக்கும். மருந்து சாப்பிட்டாயா என்று ஆப்னர் கேட்பார். பார்வையாளர் சிரிப்பர்.

இந்தச் சிரிப்பைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். தொடரிலுள்ள மனிதர்கள் அனைவரினும், டேரின் நீங்கலாக, உண்மையை அறிந்தவர் கிளாடிஸ் ஒருவரே எனலாம். அவர் கண் சரியாக இருந்தது. வாய் சரியாகச் சொன்னது. நம்பப்படாததால் மட்டுமே அவர் பித்துப் பிடித்தவர் ஆனார். சமந்தாவின் மறைவு வாழ்க்கை குலையாமல் இருக்கவேண்டுமானால் கிளாடிஸ் பொய்யராக வேண்டும். பார்வையாளர் சமந்தாவின் கூடத்தில் அமர்ந்திருக்கின்றனர். எனவே உண்மை தெரிந்திருந்தும் பொய்யின் பக்கமே நிற்கின்றனர். கிளாடிஸ் வீட்டுக்கூடத்தில் படக்கருவியை வைத்து இதே கதையைச் சொன்னால் அது நகைச்சுவையாக இராது. கண்ணால் கண்டதைச் சொல்லும் பெண்ணுக்கு, கணவர் நாள்தோறும் மருந்தை நினைவூட்டும் கதையாக இருக்கும்.

கிளாடிசுக்கு எதிராகவும் ஒரு நியாயம் உண்டு. பிறர் வீட்டுச் சன்னலை உற்றுநோக்குவது பண்பன்று. அவர் நகையாடப்படுவதற்கு அதுவே போதிய காரணம் என்று கூறலாம். அது முழுதும் ஏற்கத்தக்கதே. ஆனால் தொடர் அவரை எட்டிப்பார்த்ததற்காக மட்டும் தண்டிக்கவில்லை. கண்டதைச் சொன்னதற்காகத் தண்டித்தது. இரண்டும் வேறு. முன்னதற்குக் கதவைச் சாத்தினால் போதும். பின்னதற்கு ஒருவருடைய அறிவையே ஐயுறவேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் அடைந்த அமெரிக்கப் பெண்களின் மனக்குறையைப் பேசிய பெட்டி ஃப்ரீடனின் நூல் வெளிவந்தது 1963இல். கிளாடிஸ் திரைக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

கிளாடிசாக முதலில் நடித்த ஆலிஸ் பியர்ஸ் புற்றுநோயால் 1966இல் காலமானார். அவ்வாண்டின் எம்மி விருது அவர் மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது. சாண்ட்ரா கௌல்டு அவ்விடத்துக்கு வந்தார். சன்னல் காட்சி தொடர்ந்தது. பக்கத்து வீட்டாரின் முகம் மாறினால் யாருக்குக் கவலை என்று கேட்கத் தோன்றும். அத்தொடரில் 1969இல் கணவரின் முகமே மாறிவிட்டது என்பதால் இக்குறையைப் பெரிதுபடுத்த வழியில்லை!

ஒருநாள் விருந்தாளியும் தேய்ந்துபோன நல்லவரும்

சிகாகோ நகரக் காவலர் ஒருவரின் குடும்பக்கதை 'ஃபேமிலி மேட்டர்ஸ்' (1989–1998). முதலாண்டில், ஒரே ஒரு பகுதியில் வந்துபோவதற்காகப் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் படைக்கப்பட்டான். பெயர் ஸ்டீவ் அர்க்கெல். பெரிய மூக்குக்கண்ணாடி, தோள்பட்டை வார், கணுக்காலுக்கு மேலே நிற்கும் காற்சட்டை, கீச்சுக்குரல். ஜலீல் வைட் என்னும் சிறுவர் ஏற்ற அப்பாத்திரம் மக்களைப் பெரிதும் கவர்ந்தது. விருந்தாளி தங்கிவிட்டான், பின்னர் தொடரே அவனுடையதாயிற்று. அக்குடும்பத்தின் கடைசி மகள் ஜூடி, நான்காம் பருவத்திற்குப் பின் காரணம் சொல்லப்படாமலேயே காணாமற்போனாள். பெற்றோரும் அவளைத் தேடியதாகக் கதையில் குறிப்பில்லை.

அர்க்கெல் அவ்வீட்டுக்கு வந்தால் எதையாவது உடைப்பான். எல்லாரும் அவனை வெளியே போகச் சொல்வர். மறுவாரம் மீண்டும் வருவான். ஏன் வருகிறான்? விடை தொடரிலேயே அங்கங்கே சிதறிக்கிடக்கிறது. அவன் பெற்றோர் திரையில் ஒருமுறையும் தோன்றியதில்லை. அவர்களுக்கு அவன்மீது பற்றில்லை என்பதை அவனே சிரித்துக்கொண்டு சொல்லும் வேடிக்கை வசனங்கள் உண்டு. ஒரு சிறுவன் தன் வீட்டில் தனக்கு இடமில்லை என்று சொல்லும் வசனத்திற்கு அரங்கு சிரிக்கிறது. அடுத்த காட்சி தொடங்கிவிடுகிறது. எழுத்தாளர்கள் கொடியவர்கள் அல்லர். பின்னாளில் அவனை அக்குடும்பத்தோடு சேர்த்தனர். அவன் விரும்பிய லாராவும் இறுதிப் பருவத்தில் அவனையே தேர்ந்தெடுத்தாள். ஆயினும் அதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. இடையில், ஓர் எந்திரத்துக்குள் சென்று அழகும் நளினமும் மிக்க வேறொரு இளைஞனாக அவன் மாறிவரும் கதையும் வந்தது. அந்த உருவத்தை எல்லாருக்கும் பிடித்தது. பிடிக்கவேண்டுமானால் வேறு ஆளாகவேண்டும் என்று ஒரு சிறுவனுக்குச் சொல்வது நகைச்சுவைதானா என்பதில் ஐயம் கொள்ள இடமுண்டு.

'தி சிம்சன்ஸ்' கேலிச்சித்திரத் தொடரில் வரும் நெட் ஃபிளாண்டர்ஸ் இதற்கு நேர்மாறானவர். 1989 டிசம்பரில் தொடங்கிய அத்தொடரின் தொடக்கக் காலத்தில் அவரிடம் விந்தை மிகுதியாக இல்லை. அவர் நல்ல மனிதர், இறைப்பற்று உடையவர், தம் கருவிகளை ஹோமர் கடன்வாங்கித் திருப்பித் தராவிட்டாலும் முகம் சுளிக்காதவர். அவரைக் கண்டு ஹோமர் எரிச்சலுற்றது அவர் விந்தையால் அன்று. அவர் வாழ்க்கை தன் வாழ்க்கையைவிடச் செம்மையாக இருந்ததால். இடக்கைப் பழக்கம் உள்ளோர்க்கென ஃபிளாண்டர்ஸ் ஒரு கடை திறக்கும் பகுதி 1991இல் வந்தது. கடை நலியவேண்டும் என்று ஹோமர் மனத்துக்குள் வேண்டுகிறார். அது நலிந்தபின் குற்றவுணர்வு தாளாமல், ஊரிலுள்ள இடக்கைக்காரர்களையெல்லாம் கூட்டிவந்து கடையைக் காப்பாற்றுகிறார். சிரிப்பு அங்கே ஹோமரின் கூடத்தை நோக்கித் திரும்பியது.

ஆண்டுகள் செல்லச் செல்ல ஃபிளாண்டர்சின் பல குணங்களுள் இறைப்பற்று ஒன்றுமட்டும் பெரிதாக்கப்பட்டது; ஏனையவை உதிர்ந்தன. வாயைத் திறந்தால் அதைப்பற்றியே பேசும் பொம்மையானார். ஒரு பாத்திரம் இவ்வாறு ஒற்றைக் குணமாகத் தேய்வதைக் குறிக்க ஆங்கிலத்தில் ஃபிளாண்டரைசேஷன் என்று அவர் பெயராலேயே ஒரு சொல் புழக்கத்துக்கு வந்தது. திரைக்கு வெளியேயும் இத்தேய்வு நிகழ்வதுண்டு. வகுப்பறையில் ஒரு மாணவருக்கு ஏதோ ஒருநாள் நிகழ்ச்சியால் பட்டப்பெயர் விழும். அதன்பின் அவர் எது செய்தாலும் அப்பெயருக்கு ஏற்பவே பார்க்கப்படுவார். அவருக்குப் பாட வருமா, கணக்கு வருமா என்று கேட்க யாருக்கும் தோன்றாது.

1996இல் வந்த ஒரு பகுதியில் மட்டும் எழுத்தாளர்கள் வேலியைத் தாண்டினர். புயல் வீசி, ஊரிலேயே ஃபிளாண்டர்சின் வீடு ஒன்றுதான் தரைமட்டமாகிறது. ஊரார் கூடி மீண்டும் கட்டித் தருகின்றனர். அரைகுறையாகக் கட்டிய அவ்வீடும் சரிகிறது. அன்றுவரை சினந்தறியாத அவர் ஊரார் ஒவ்வொருவரையும் பார்த்துப் பொரிந்து தள்ளுகிறார். பின்னர்த் தாமே மனநல மருத்துவமனைக்குச் சென்று சேர்ந்துகொள்கிறார். இளமையில் அடக்கப்பட்ட சினமே அவருடைய எல்லையில்லாப் பணிவாக மாறியது என்பது அங்கே தெரியவருகிறது. ஏழாண்டுகளாகச் சிரிப்புக்குரியதாக இருந்த பணிவுக்கு ஒரு வரலாறு இருந்திருக்கிறது.

எள்ளலும் பேதைமையும்

நகைச்சுவைக்கு இத்தனை ஆராய்ச்சியா, சிரித்துவிட்டுப் போகக்கூடாதா என்று கேட்பார் உளர். அவர் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு கோமாளிக்கும் துன்பக்கதை ஒன்றை எழுதிச் சேர்த்தால் நகைச்சுவைத் தொடர் ஒப்பாரியாகிவிடும். நார்ட்டனின் இளமைப்பருவம் யாருக்கும் தெரியாது. தெரியாததால் ஒரு குறையும் இல்லை.

தொல்காப்பியர் நகை தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். பேதைமையும் எள்ளலும் அவற்றுள் தனித்தனியாக வைக்கப்பட்டுள்ளன. பிறரைத் தான் எள்ளி நகுதல் மட்டுமன்றி, பிறரால் தான் எள்ளப்பட்டு நகுதலும் எள்ளலே என்று உரைகூறுவர். இந்தப் பகுப்பு இங்குப் பெரிதும் பயன்படுகிறது. பந்துக்கு முகமன் கூறும் நார்ட்டனைக் கண்டு பிறப்பது பேதைமை பற்றிய நகை. கிளாடிசைக் கண்டு பிறப்பது எள்ளல்; அதுவும் ஒருவழிப் பாதை. அவர் திரும்பி எதிர்வீட்டாரை எள்ளுவதற்கு வாய்ப்பே தரப்படவில்லை. விந்தை மாந்தரைப் படைக்கும் எழுத்தாளரிடம் கேட்கவேண்டியது துன்பக்கதை அன்று. திரும்பிச் சிரிக்கும் உரிமை. ஹோமரின் கூடத்தைப் பார்த்து ஃபிளாண்டர்ஸ் ஒருமுறை சினக்கலாம் என்றால், அர்க்கெல் அக்குடும்பத்தைப் பார்த்து ஒருமுறை நகைக்கலாம் என்றால், அதன்பின் அவர்கள் எத்தனை கண்ணாடிகளை உடைத்தாலும் பழுதில்லை.

'ஹோம் இம்ப்ரூவ்மென்ட்' (1991–1999) தொடரில் வேலிக்கு அப்பால் நின்று அறிவுரை கூறும் வில்சனைப் பலர் உயர்வாகச் சொல்வர். எட்டாண்டுகள் அவர் முகத்தின் கீழ்ப்பாதி காட்டப்படவில்லை. அவர் எள்ளப்படவில்லை என்பது உண்மை. எனினும் முகமில்லாத ஒருவரிடம் அறிவுரையை மட்டும் வாங்கிக்கொள்வது, முகமுள்ள ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதைவிட எவ்வகையில் மேல் என்பது விளங்கவில்லை.

இடம் மாறிய இரவுகள்

'சைன்ஃபெல்ட்' தொடரே இவ்வினாவை ஒருமுறை தனக்குத்தானே கேட்டுக்கொண்டது. 1996 நவம்பரில் வந்த ஒரு பகுதியில், கிரேமரின் சன்னலுக்கு நேரெதிரே கோழி உணவகம் ஒன்று திறக்கப்படுகிறது. அதன் சிவப்பு விளம்பர விளக்கின் ஒளி இரவெல்லாம் அவர் வீட்டுக்குள் பாய்கிறது. உறங்க முடியாத கிரேமர் ஜெர்ரியின் வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஜெர்ரி கிரேமரின் வீட்டுக்குச் செல்கிறார். சில நாள்கள்தாம். சிவந்த ஒளியில் உறக்கம் கெட்ட ஜெர்ரியின் தலைமுடி கலைகிறது, பேச்சு படபடக்கிறது, உடல் துள்ளுகிறது. தன் சொந்த வீட்டுக் கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்கிறார். அங்கே நன்றாக உறங்கி எழுந்த கிரேமர், ஜெர்ரியின் நிதானத்தோடும் ஜெர்ரியின் சலிப்போடும் அவரை நிமிர்ந்து பார்க்கிறார்.

கிரேமருடைய விந்தை அவர் உடம்பில் இருந்ததா, அவ்வீட்டில் இருந்ததா? தொடர் விடை கூறவில்லை. உணவகம் மூடப்பட்டது, சிவப்பு ஒளி அணைந்தது, இருவரும் தத்தம் வீட்டுக்குத் திரும்பினர். அடுத்த வாரம் படக்கருவி மீண்டும் ஜெர்ரியின் கூடத்தில்தான் இருந்தது.

கென்னி கிரேமர் மட்டும் காத்திருக்கவில்லை. தொடரில் வரும் இடங்களையெல்லாம் பேருந்தில் சுற்றிக்காட்டும் தொழிலை அவரே தொடங்கினார். ஆட்கள் பணம் கொடுத்து ஏறினர். எதிர்வீட்டுக்காரர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, தம் பக்கத்துக் கதையைச் சொல்லத் தொடங்கினார்.